கண்டக்கழலையின் காரணம் நாடிய வரலாறு

நாட்டு வரலாறு எழுதுவோர் மன்னர் முடிசூடியதையும் படைகள் பொருததையும் குளங்கள் கட்டப்பட்டதையும் விரித்துரைப்பர். மக்களின் உடலிற் பதிந்து கிடக்கும் வரலாற்றை நோக்குவோர் சிலரே. மண்ணின் இயல்பு, நீரின் இயல்பு, உணவுப் பழக்கம், உப்பு வாணிகம், அரசாங்கச் சட்டம் ஆகிய யாவும் ஒருங்குகூடித் தம் அடையாளத்தை இடும் உறுப்பு ஒன்று மனிதர் கழுத்தின் முன்புறத்தே உள்ளது. அதுவே தைரொயிட்டுச் சுரப்பி. அச்சுரப்பி பருத்துத் தோன்றும் நோயைக் கண்டக்கழலை என்பர். அந்நோயின் காரணத்தை அறிஞர் நாடிச் சென்ற வழியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி பழங்கதை பேசுதற்கு மட்டும் உரியதன்று. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கையிற் பிடித்துக்கொண்டு, அதிற் கண்ட எண் ஏன் மாறியது என்று கேட்கும் தாய்மார் இன்று பலர். அயலவர் கூறும் விடைகளும் பல. உப்பில் அயடீன் போதாது என்பார் ஒருவர். கிணற்று நீரே காரணம் என்பார் இன்னொருவர். மரவள்ளிக் கிழங்கின்மேற் பழி போடுவார் வேறொருவர். இவ்விடைகள் ஒவ்வொன்றும் உலகின் ஏதோ ஓரிடத்தில், ஏதோ ஒரு காலத்தில், ஆராய்ச்சியால் எழுந்தவையே. எனினும் ஓரிடத்து உண்மையை வேறோரிடத்துக்கு ஆராயாது கொண்டுவந்து பொருத்துதல் தவறான மருந்துக்கு வழிவகுக்கும். நோயை அறிதல், அதன் முதலை அறிதல், தணிக்கும் வழியை அறிதல், பின்னர்ப் பொருந்தச் செய்தல் என்னும் வரிசையை வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்துள்ளார். இரண்டாம் படியைத் தாண்டிக் குதிப்பாரே பெரும்பான்மையோர். அப்படியிலே நின்று நோக்குவோம்.

பழைய விளக்கங்கள்

கழுத்திற் கழலை தோன்றுதல் மிகப் பழைய நோய். வடமொழி மருத்துவ நூலார் இதனைக் கலகண்டம் என்றனர். சிங்கள மக்கள் அப்பெயரின் வழிவந்த சொல்லையே இன்றும் வழங்குகின்றனர். பழைய வைத்தியர் சிலர் காரணம் அறியாமலே பயனுள்ள மருந்தைக் கண்டிருந்தனர். சீனர் கடற்பாசியைக் கொடுத்தனர். ஐரோப்பியர் கடற்பஞ்சினைச் சுட்ட சாம்பலைக் கொடுத்தனர். கடலிற் பிறந்த பொருளுக்கும் கழுத்துக் கழலைக்கும் உள்ள உறவு யாது என்பது பன்னூறாண்டுகள் விளங்காமலே இருந்தது.

நெப்போலியனுடைய போர்கள் நிகழ்ந்த காலத்தில், வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பைக் காய்ச்சி வந்த பேர்ணாட் கூர்ட்டுவா என்னும் பிரெஞ்சுக்காரர், 1811 ஆம் ஆண்டிலே கடற்பாசிச் சாம்பலிலிருந்து ஊதா நிற ஆவி எழக் கண்டார். அந்த ஆவியின் நிறத்தாற் பெயர்பெற்ற மூலகமே அயடீன். ஒன்பதாண்டுகளின் பின், 1820 இல், ஜெனீவா நகர வைத்தியர் கொயிண்டே என்பார், கடற்பஞ்சுச் சாம்பலின் ஆற்றல் இப்புதிய மூலகத்தினாலேயே உண்டாயிற்று என ஊகித்து, அயடீன் கரைசலைக் கழலை நோயாளருக்குக் கொடுத்தார். பலருக்குக் கழலை வற்றியது. ஆயின், சிலருக்கு நெஞ்சு படபடத்தது, உடல் மெலிந்தது. அதனால் ஜெனீவாவில் அவருக்கு எதிர்ப்பும் கிளம்பியது. குறைந்தால் நோய், மிகுந்தாலும் நோய் என்னும் உண்மை இவ்வாறு முதன்முறை வெளிப்பட்டது. அதனை அக்காலத்தார் நன்கு உணர்ந்தாரல்லர்.

மருந்து தெரிந்த பின்னரும் காரணம் தெரியவில்லை. 1850 களிலே சட்டேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் பற்பல ஊர்களின் நீரையும் மண்ணையும் சோதித்து, கழலை மிகுந்த ஊர்களில் அயடீன் குறைந்திருக்கக் கண்டு கூறினார். பாரிசுக் கல்விமான்கள் அதனை ஏற்றிலர். 1895 இல் ஜெர்மனியின் பிறைபேர்க்கிலே பௌமான் என்பவர் தைரொயிட்டுச் சுரப்பியினுள்ளேயே அயடீன் இருத்தலைக் கண்டார். அதன் பின்னரே சட்டேன் கூற்றுக்கு மதிப்பு ஏற்பட்டது.

இதற்கிடையே வேறொரு திசையிலிருந்தும் அறிவு வளர்ந்தது. இலண்டன் வைத்தியர் வில்லியம் கல் 1873 இல், நடுவயதுப் பெண்கள் சிலர் முகம் ஊதி, தோல் வறண்டு, பேச்சும் சிந்தனையும் மந்தமாகும் நிலையை விவரித்தார். சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரச் சத்திரவைத்தியர் கொக்கர், கழலையை முழுவதும் அறுத்தெடுத்த நோயாளர் பிற்காலத்தில் அதே மந்தநிலையை அடைந்தமையை 1883 இல் வெளியிட்டார். தம் சத்திரத்தின் தீய விளைவைத் தாமே வெளியிட்ட அவருக்கு 1909 இல் நோபற் பரிசு கிடைத்தது. 1891 இல் நியூகாசில் நகர வைத்தியர் ஜோர்ஜ் மறே, ஆட்டின் தைரொயிட்டுச் சாற்றை ஊசிமூலம் ஏற்றி இத்தகைய பெண்ணொருத்தியைக் குணப்படுத்தினார். அவ்வம்மை பின்னர் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். சுரப்பி பருத்தாலும், சுரப்பியே இல்லாதொழிந்தாலும் மந்தம் உண்டாகலாம் என்பது இதனால் தெளிந்தது. ஆகவே கழலை என்பது நோயின் அடையாளமே. அதனைக் கொண்டு மட்டும் நோயின் காரணத்தைத் துணிதல் இயலாது.

நீரின்மேல் எழுந்த ஐயம்

கிணற்று நீரே காரணம் என்னும் கூற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. பிற்காலத்தில் நீலகிரிக் குன்னூரிலே உணவாராய்ச்சி நிலையத்தை நடத்திப் புகழ்பெற்ற றொபேட் மக்கரிசன் என்னும் வைத்தியர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இமயத்துக்கு வடமேற்கிலுள்ள கில்கித்துப் பள்ளத்தாக்கிற் பணிபுரிந்தார். அங்கே ஒரே நீரோட்டத்தின் கரையில் எட்டுக் கிராமங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருந்தன. மேற்கிராமத்தின் கழிவு கீழ்க்கிராமத்தின் குடிநீரிற் கலந்தது. மேலேயுள்ள ஊரிற் கழலையுடையோர் 11.8 வீதமாகவும், கடைசி ஊரில் 45.6 வீதமாகவும் இருத்தலை அவர் கணக்கிட்டார். நீரிலிருந்து வடித்தெடுத்த வண்டலைத் தாமும் உண்டு, இசைந்து முன்வந்தவர்க்கும் கொடுத்துப் பார்த்தார். சிலருக்குக் கழுத்துப் பருத்தது. வண்டலைக் கொதிக்கவைத்துக் கொடுத்தபோது அவ்வாறு பருக்கவில்லை. ஆகவே, நீரிலுள்ள ஏதோ கிருமியே காரணம் என முடிவு செய்தார்.

மக்கரிசன் கண்டவை பொய்யல்ல. அசுத்த நீர் கழலையை மிகுவித்திருக்கலாம். ஆயின், எட்டுக் கிராமங்களும் அயடீன் வறண்ட ஒரே மலைநாட்டில் இருந்தன என்பதை அவ்வாராய்ச்சி வெளிப்படுத்தவில்லை. எல்லார்க்கும் பொதுவாக உள்ள குறையை, ஊருக்கு ஊர் வேறுபடும் காரணத்தைத் தேடுவோர் கண் காணாது. இது மருத்துவத்துக்கு மட்டுமன்றி வரலாற்றாராய்ச்சிக்கும் உரிய பாடமாகும். துணைக்காரணத்தைக் கண்டவர் முதற்காரணத்தைக் கண்டவராகார்.

மரவள்ளியின் கதையும் இத்தகையதே. ஆபிரிக்காவின் கிவு ஏரியிலுள்ள இஜ்வித் தீவில், தீவு முழுவதும் அயடீன் குறைந்திருந்தும், ஒரு பகுதியில் மட்டும் கழலை மிகுதியாகக் காணப்பட்டது. அப்பகுதி மக்கள் மரவள்ளியை மிகுதியாக உண்டமையே அவ்வேறுபாட்டுக்குக் காரணம் என ஆராய்ந்தோர் காட்டினர். மரவள்ளியிலுள்ள நச்சுப்பொருள் உடலில் மாற்றமுற்று, சுரப்பி அயடீனை ஈர்த்தலைத் தடுக்கின்றது. அயடீன் போதியளவு உள்ளவர்க்கு இத்தடை பெருந்தீங்கு செய்வதில்லை, குறைந்தவர்க்கே செய்கின்றது. நன்கு அவித்து உண்ணும் எம்மவர் வழக்கம் அந்நச்சைப் பெரிதும் போக்குவது. ஆகவே மரவள்ளியைத் தனிக் குற்றவாளியாக்குதல் பொருந்தாது.

ஐயத்தைத் தீர்த்த பரீட்சைகள்

ஊகத்தை முடிபாக்குவது பரீட்சையே. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்கிரன் நகரிலே, 1917 இல் தொடங்கி, டேவிட் மறைன், கிம்போல் என்னும் இருவர் பாடசாலைச் சிறுமியர்க்கு அயடீன் உப்பைச் சிற்றளவாகக் கொடுத்துப் பார்த்தனர். மருந்து உட்கொண்ட 2,190 பேருள் ஐவர்க்கே கழுத்துப் பருத்தது. உட்கொள்ளாத 2,305 பேருள் 495 பேருக்குப் பருத்தது. எண்கள் இவ்வளவு தெளிவாகப் பேசிய பின்னர் வாதத்துக்கு இடமிருக்கவில்லை. சுவிற்சர்லாந்தின் சில மாநிலங்களில் 1922 முதலும், அமெரிக்காவின் மிச்சிக்கனில் 1924 முதலும் அயடீன் கலந்த உப்பு வழக்கத்துக்கு வந்தது.

எமது பக்கத்து நாடாகிய இந்தியாவிலே இமயச்சாரலின் காங்கிராப் பள்ளத்தாக்கில் 1956 இல் தொடங்கிய பரீட்சை இதனினும் சிறந்தது. ஆந்திர நாட்டிற் பிறந்த வைத்தியப் பேராசிரியர் இராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் அப்பள்ளத்தாக்கை மூன்று வலயங்களாகப் பிரித்தனர். இரண்டுக்கு அயடீன் சேர்ந்த உப்பும், ஒன்றுக்கு வெறும் உப்பும் வழங்கப்பட்டன. 1962 இற் சோதித்தபோது, அயடீன் பெற்ற வலயங்களிற் கழலையுடையோர் தொகை பாதியாகவும் அதற்குக் கீழாகவும் வீழ்ந்திருந்தது. வெறும் உப்பு உண்ட வலயத்திலே குறையவில்லை. பின்னர் அவ்வலயத்துக்கும் அயடீன் உப்பு வழங்க, அங்கும் நோய் தணிந்தது. ஈரமும் வெப்பமும் மிகுந்த நாடுகளின் உப்பில் நிலைத்து நிற்பது பொட்டாசியம் அயடேற்று என்னும் சேர்வை என்பதும் ஆராய்ச்சிகளால் உறுதியாயிற்று.

இலங்கையின் புதிர்

இனி எம் நாட்டுக்கு வருவோம். மலைநாடுகளிலும் கடலுக்கு நெடுந்தூரத்திலுமே கழலை மிகும் என்பது உலகப் பொதுவிதியாக நம்பப்பட்டது. இலங்கை அவ்விதிக்கு மாறாக நின்றது. 1954 இல் வெளிவந்த டீ. சி. வில்சனின் ஆராய்ச்சியும், 1967 இலும் 1968 இலும் வெளிவந்த மகாதேவா, சண்முகநாதன் முதலியோரின் ஆராய்ச்சிகளும் தென்மேற்கு ஈரவலயத்திலே கழலை மிகுந்துள்ளமையைக் காட்டின. பின்னர், 1989 இல் பெர்னாண்டோ முதலியோர் வெளியிட்ட ஆய்வு 17 மாவட்டங்களில் 59,158 பாடசாலைப் பிள்ளைகளைச் சோதித்தது. அவர்களுள் 18.8 வீதத்தினர்க்குக் கழலை இருந்தது. மாத்தளையில் 6.5 வீதமும் களுத்துறையில் 30.2 வீதமும் காணப்பட்டன. களுத்துறையோ கடற்கரை மாவட்டம். கடற்காற்றும் கடல்மீனும் உள்ள நாட்டிலே கழலை தலைவிரித்தாடுவானேன்?

பேராதனைப் பல்கலைக்கழகத்துப் புவியியலறிஞர் சீ. பி. திசாநாயக்கா முதலியோர் இதற்கு விடை தேடினர். ஆண்டுதோறும் பெய்யும் பெருமழை ஈரவலய மண்ணின் கரைபொருள்களை அடித்துச் செல்கின்றது. உலர்வலயத்திலோ மழை குறைவு, ஆவியாதல் மிகுதி. ஆகவே நிலத்தடி நீரிலே அயடீன் உட்பட உப்புப் பொருள்கள் செறிந்து நிற்கின்றன. எனினும் 2000 ஆம் ஆண்டில் போடைசு, திசாநாயக்கா முதலியோர் மண்ணையும் நெல்லையும் நீரையும் ஒப்புநோக்கி வெளியிட்ட ஆராய்ச்சி, விடை இவ்வளவு எளிதன்று எனக் காட்டிற்று. அயடீன் மண்ணில் இருந்தும், மட்கிய பொருள்கள் அதனைப் பற்றிக்கொள்வதாற் பயிருக்குக் கிட்டாமற் போகலாம். செலனியம் என்னும் மற்றொரு மூலகத்தின் குறைவும் துணைநிற்கலாம். முதற்காரணம் அறியப்பட்ட நோயிலுங்கூடத் துணைக்காரணங்கள் பல உள.

வன்னிப் பெருநிலப்பரப்பு முழுவதும் உலர்வலயத்தைச் சேர்ந்தது. 1895 இல் ஜே. பி. லூயிசு வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூலில் இந்நிலத்து மக்களை வாட்டிய நோய்களாகக் காய்ச்சலும் பறங்கி நோயும் பேசப்படுகின்றன. வன்னியின் வருத்தம் வேறு, களுத்துறையின் வருத்தம் வேறு. ஈரவலயத்துக்கு உரிய விளக்கத்தை அவ்வாறே பெயர்த்து வன்னிக்குக் கூறுதல் ஆகாது என்பதற்கு இதுவே முதற் சான்று.

உப்பும் சட்டமும்

கடலுப்பில் இயற்கையாகவே அயடீன் உண்டு என்னும் நம்பிக்கை எம்மவரிடையே வேரூன்றியுள்ளது. ஆனையிறவு உப்பளத்தின் அயலிலே வாழும் எமக்கு அது இயல்புதான். ஆயின், கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். ஒரு லீற்றர் கடல்நீரிலே ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அயடீனோ 50 முதல் 60 மைக்கிரோகிராம் வரையே உண்டு. அவ்வயடீன் முழுவதும் உப்பிற் படிந்ததாகக் கொண்டாலும், பத்துக் கிராம் உப்பில் 17 மைக்கிரோகிராமுக்கு மேற்படாது. உண்மையிற் படிவது இன்னும் குறைவு. வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்கிரோகிராம். கருவுற்ற தாய்க்கு 250. எனவே, ஆனையிறவில் விளைந்தாலும் அம்பாந்தோட்டையில் விளைந்தாலும் உப்புக்கு அயடீனை ஆலையிலே கலத்தல் வேண்டும்.

இலங்கையில் 1995 முதல் மனிதர் உண்ணும் உப்புக்கு அயடீன் கலத்தல் சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டது. ஆனையிறவு உப்பளம் போரினால் 1990 அளவில் நின்றுபோய், நெடுங்காலம் வெறுநிலமாய்க் கிடந்தமையால் வடக்கின் உப்பும் வெளியிலிருந்தே வரவேண்டியதாயிற்று. இப்போது அவ்வுப்பளம் மீண்டும் விளைகின்றது. 2025 ஆம் ஆண்டிலே மேசையுப்பு ஆலையும் அங்கே திறக்கப்பட்டது.

சட்டம் வந்தது, நோய் ஒழிந்ததா? 2000 – 2001 இல் எட்டு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளைச் சோதித்தபோது, அவர்கள் சிறுநீரில் அயடீன் போதிய அளவு காணப்பட்டது. ஆயினும் 20.9 வீதத்தினர்க்குக் கழலை இருந்தது. பருத்த சுரப்பி சுருங்கக் காலம் செல்லும் என்பது ஒரு விளக்கம். அஃது உண்மையே, பிற்கால ஆய்வுகளில் வீதம் வெகுவாகக் குறைந்தது. எனினும் முழு விளக்கமும் அதுவன்று. அதனை அறிய இரத்தப் பரிசோதனையின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

கபச்சுரப்பி கூறும் சாட்சி

தைரொயிட்டுச் சுரப்பி சுரக்கும் தைரொட்சின் என்னும் ஓமோனைக் கெண்டல் 1914 இற் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பை ஹரிங்டன் 1926 இற் கண்டார். இச்சுரப்பியை ஆள்வது மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி. இரத்தத்திலே தைரொட்சின் குறையுமாயின், கபச்சுரப்பி தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனை மிகுதியாக அனுப்பும். கூடுமாயின் அனுப்புதலை நிறுத்தும். மாடு சோர்ந்தால் வண்டிக்காரன் துவரங்கம்பை ஓங்குதலும், மாடு விரைந்தாற் கம்பைத் தாழ்த்துதலும் போன்றது இது. அத்தூண்டும் ஓமோனைச் சுருக்கமாக ரீ. எஸ். எச். என்பர். அதன் அளவு மிகமிகச் சிறியது. பேர்சன், யலோ என்னும் இருவர் கண்ட கதிரியக்க அளவை முறையைப் பின்பற்றியே 1965 அளவில் மனித இரத்தத்தில் அதனை அளத்தல் கைகூடிற்று. யலோ அம்மையார்க்கு 1977 இல் நோபற் பரிசு கிடைத்தது.

இவ்வெண்ணைத் தனித்து வாசித்தல் ஆகாது. ரீ. எஸ். எச். கூடித் தைரொட்சின் குறைந்திருப்பின் சுரப்பியே சோர்ந்துள்ளது. ரீ. எஸ். எச். கூடியும் தைரொட்சின் அளவோடு இருப்பின் சோர்வு தொடங்கும் நிலையாகலாம், அல்லது நாள்சென்றாற் தானே சீர்படுவதாகலாம். ரீ. எஸ். எச். தாழ்ந்து தைரொட்சின் மிகுந்திருப்பின் சுரப்பி மிகையாகத் தொழிற்படுகின்றது, அல்லது அழற்சியினாற் சேமிப்புக் கசிகின்றது. தைரொட்சின் குறைந்தும் ரீ. எஸ். எச். உயராதிருப்பின் குற்றம் கபச்சுரப்பியிலாகலாம். பிள்ளைப்பேற்றின்போது மிகுதியாக இரத்தம் போன தாய்மார்க்குக் கபச்சுரப்பி பழுதடைதலைச் சீகன் என்பார் 1937 இல் விவரித்தார். அத்தகையாரிடத்து ரீ. எஸ். எச். மட்டும் பார்ப்பவர் நோயில்லை எனக் கூறி அனுப்பிவிடுவர்.

வேறு காரணங்களாலும் எண் மாறும். கருவுற்ற முதல் மாதங்களிலே ரீ. எஸ். எச். இயல்பாகத் தாழும். கடுநோயிற் கிடந்து எழுவோரிடத்தும் ஏறியிறங்கும். இதயநோய்க்குரிய அமியோடரோன், மனநோய்க்குரிய இலிதியம் முதலிய மருந்துகள் சுரப்பியைத் தாக்கும். தலைமயிர்க்கும் நகத்துக்கும் என விற்கப்படும் பயோற்றின் மாத்திரை, சுரப்பியைத் தாக்காமலே சில ஆய்வுகூட முறைகளைப் பிழைபடச் செய்யும். ஆதலின், எண் மாறியவுடன் மருந்தென ஓடாது, சில வாரங்களின்பின் மீண்டும் சோதித்தலை வைத்தியர் வேண்டுகின்றனர்.

தன்னைத் தாக்கும் உடல்

ஜப்பானின் புக்குவோக்கா நகரிலே ஹசிமோட்டோ என்னும் இளஞ் சத்திரவைத்தியர், நான்கு பெண்களின் கழலையை உருப்பெருக்கிக் கண்ணாடியாற் சோதித்து, அவற்றில் வெண்குருதிக் கலங்கள் மொய்த்திருத்தலை 1912 இல் ஜெர்மன் மொழியில் எழுதினார். அதன் பொருள் 1956 வரையும் துலங்கவில்லை. அவ்வாண்டில் இலண்டன் மிடில்செக்சு வைத்தியசாலையின் டோனியாக் அம்மையார், றொயிற் முதலியோர், அத்தகைய நோயாளரின் இரத்தத்திலே தம் சுரப்பியைத் தாமே எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் இருத்தலைக் கண்டனர். பகைவரைத் தடுக்க வைத்த காவற்படை அரண்மனையையே முற்றுகையிட்டாற் போன்ற நோய் இது. அயடீன் குறைவில்லாத நாடுகளிலே சுரப்பி சோர்தற்கு இன்று தலையாய காரணம் இதுவே. ஆடவரினும் பெண்டிரையே இது மிகுதியாகப் பற்றும், குடும்பங்களிலே தொடரும், பிள்ளைப்பேற்றின் பின்னும் தலைகாட்டும்.

இலங்கையிலே 11 முதல் 16 வயது வரையுள்ள 367 பாடசாலைச் சிறுமியரைச் சோதித்த பிரேமவர்த்தன முதலியோர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபு அறிஞரை வியக்கச் செய்தது. சுரப்பியின் புரதத்தை எதிர்க்கும் பிறபொருளெதிரி, வயதுக்கேற்ப 14.3 வீதம் முதல் 69.7 வீதம் வரை காணப்பட்டது. நெடுங்காலம் அயடீன் குறைந்திருந்த மக்களிடத்து அதனைத் திடீரெனக் கூட்டியதன் விளைவோ என அவர்கள் வினவினர். சில ஆண்டுகளின் பின் மீண்டும் சோதித்தபோது அவ்வீதம் குறைந்திருந்தது. அயடீன் உப்பு தீது என்று இதிலிருந்து கொள்ளற்க. அது காத்த மூளைகள் எண்ணில. ஆயின், பழைய காரணம் விலகிய இடத்திலே புதிய காரணம் வெளிப்படும் என்பது இதனாற் பெறப்படும்.

வன்னியிற் காரணம் நாடல்

இவ்வரலாற்றை மனத்திற்கொண்டு வன்னித் தாய் ஒருத்தியின் அறிக்கையை நோக்குவோமாயின், கேட்க வேண்டிய வினாக்கள் தாமே எழும். அவள் எங்கே பிறந்து வளர்ந்தாள் என்பது முதல் வினா. 1977 ஆம் ஆண்டின் கலவரத்தின் பின் மலையகத் தமிழர் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிற் குடியேறினர். அவர்களுள் இளமையை ஈரவலயத்திற் கழித்தவரின் கழுத்தில் உள்ள பழங்கழலைக்கு வன்னி நீர் பொறுப்பாகாது. பிறந்த மண்ணே பொறுப்பாகலாம். தலைமுறையாக வன்னியில் வாழ்ந்தோர்க்கு அவ்விளக்கம் பொருந்தாது. அண்மையிற் பிள்ளை பெற்றாளா, தாய்க்கோ தமக்கைக்கோ இந்நோய் உண்டா, என்னென்ன மருந்து உட்கொள்கிறாள், அறிக்கை எத்தனை முறை எடுக்கப்பட்டது, பிறபொருளெதிரி பார்க்கப்பட்டதா என்பன அடுத்த வினாக்கள். சிறுநீரின் அயடீன் அளவு ஒரு சமூகத்தின் நிலையை அறிய உதவும். தனியொருவரின் நோயைத் துணிய உதவாது.

இவற்றை வினவாது, குறைவது அயடீன் எனத் துணிந்து அதனை மருந்தாக மிகுதியும் உட்கொள்வோர் தீங்கை விலைகொடுத்து வாங்குகின்றனர். அயடீன் மிகுந்தாற் சுரப்பி ஓமோன் ஆக்குதலை நிறுத்திவிடும் என்பதை 1948 இலேயே வூல்ப், சைக்கொவ் என்னும் இருவர் காட்டினர். மறுபுறத்தே, எல்லாம் கிணற்று நீரின் செயல் என்றிருந்து, வைத்தியர் தந்த தைரொட்சின் மாத்திரையை நிறுத்திவிடும் தாய் கருவுறின், அவள் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கே கேடு நேரும். யாழ்ப்பாண மாவட்டத்துக் கருவுற்ற தாய்மாரின் அயடீன் நிலையையும் அவர்தம் சிசுக்களின் தைரொயிட்டுத் தொழிலையும் ஆராய்ந்த கட்டுரையொன்று 2015 இல் வெளிவந்துள்ளது. வன்னிக்கும் இத்தகைய ஆராய்ச்சி வேண்டும். எம் மாணவருள் மருத்துவமும் இரசாயனமும் புவியியலும் கற்கச் செல்வோர் இதனை மேற்கொள்வாராக.

ஆசிரியர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. பிறவியிலேயே சுரப்பி குன்றிய சிசுவை, குதிக்காலிற் குத்தி எடுத்த சில துளி இரத்தத்தால் அறியும் முறை கனடாவின் கியூபெக்கில் 1974 இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையிலே 2010 இல் தென்மாகாணத்தில் தொடங்கிப் பின் ஏனைய மாகாணங்களுக்கும் பரவியது. அதற்கு முன் பிறந்தோர் அவ்வாய்ப்பைப் பெற்றிலர். பின் பிறந்தோர்க்கும் இச்சோர்வு வளரும் வயதில் வரலாம். நேற்றுவரை நன்கு படித்த பிள்ளை இன்று வகுப்பிலே தூங்கி வழிந்தால், வளர்ச்சி நின்றால், குளிர் தாங்காது ஒடுங்கினால், அப்பிள்ளையைச் சோம்பேறி எனக் கடிந்து பிரம்பெடுத்தல் எளிது. காரணம் நாடும் ஆசிரியர் பெற்றோரை அழைத்து, வைத்தியசாலைக்கு அனுப்புவார். ஒரு மாத்திரையாற் சீர்படக்கூடிய பிள்ளை மந்தன் என்னும் பெயரோடு பாடசாலையை விட்டு நீங்குதல் பெருங்கொடுமை.

இருநூறு ஆண்டுகளாக இந்நோயின் காரணத்தை நாடியோர் கடற்பாசிச் சாம்பலையும் மலையருவியையும் பாடசாலைச் சிறுமியரையும் உப்பளத்தையும் இரத்தத் துளியையும் ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவர் கண்டதை மற்றவர் திருத்தினர். காங்கிராவுக்குப் பொருந்திய விடை களுத்துறைக்குப் பெரும்பாலும் பொருந்தியது. வன்னிக்கு எவ்வளவு பொருந்தும் என்பது வன்னியிலே நின்று ஆராய்ந்தே துணியப்பட வேண்டியது. அயலவர் வாய்மொழியை முடிபாகக் கொள்ளாது, நோயின் முதலை நாடும் வழக்கத்தை எம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் வளர்ப்போமாக.